சம்பளம் இல்லை, பரீட்சை உண்டு!

2025-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

உலகத்தின் பல ஊர்களில் சில கம்ப்யூட்டர்கள் ஒரு முக்கியமான வேலையைச் செய்யாமல் சும்மா இருந்தன. "புதிய திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா?" என்று அவை தாமாகவே விசாரிக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

மின்சாரம் இருந்தது. யந்திரத்தில் பழுது இல்லை. திருடன் யாரும் உள்ளே புகவில்லை.

பின் என்னதான் காரணம்?

ஒரே ஓர் எழுத்து!

அந்த எழுத்தின் கதை சுவையானது. அதைச் சொல்வதற்கு முன்னால், சில சின்னஞ்சிறு கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுத்தைத் தட்டினால் வேலை

கம்ப்யூட்டர் என்றதும் வண்ண வண்ணப் படங்கள் நினைவுக்கு வரும். படத்தைத் தொட்டால் வேலை நடக்கும். படமே இல்லாத திரையும் உண்டு. அதில் வெறும் எழுத்துதான். ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு வேலை நடக்கும்.

கடிதம், கணக்கு, புகைப்படம் என்று கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பதற்கு எல்லாம் கோப்பு என்று பெயர். "எல்.எஸ்." என்று தட்டினால், என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று அது வரிசையாகக் காட்டும். "சி.பி." நகல் எடுக்கும். "ஆர்.எம்." அழித்துவிடும். "சார்ட்" வரிகளை வரிசைப்படுத்தும். "டேட்" தேதியையும் நேரத்தையும் சொல்லும்.

"ட்ரூ" என்று ஒரு கருவி இருக்கிறது. அது எந்த வேலையும் செய்யாது! "எல்லாம் நல்லபடி முடிந்தது" என்று மற்றக் கருவிகளுக்குச் சைகை காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதற்கும் உபயோகம் இருக்கிறது.

இப்படிச் சுமார் நூறு கருவிகள். சமையல் கட்டில் கரண்டி, கத்தி, முறம், சல்லடை இருப்பதுபோல இவை இருக்கின்றன. எவ்வளவு பெரிய விருந்தானாலும் கரண்டி இல்லாமல் நடக்குமா? பெரிய பெரிய கம்ப்யூட்டர் வேலைகளும் இந்தச் சிறு கருவிகளை நம்பித்தான் நடக்கின்றன.

எப்போது பிறந்தன?

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி என்ற நிபுணர்கள் "யூனிக்ஸ்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு கருவிக்கு ஒரு வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதுதான் அவர்கள் காட்டிய வழி.

1983-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இன்னொரு முயற்சியை அறிவித்தார். யூனிக்ஸ் போலவே ஒன்றை, யாரும் எடுத்து ஆளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம் என்ற நிபந்தனையோடு செய்வது என்று கிளம்பினார். அதன் பெயர் "க்னூ". லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பல ஆண்டுகளாக உழைத்து வருபவை க்னூவின் கருவிகளே.

க்னூ கருவிகள் "சி" என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டவை. அது வேகமான மொழி. ஆனால் எழுதுகிறவர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். பத்துப் பெட்டிகளுக்கு இடம் வாங்கிக்கொண்டு, பதினோராவது பெட்டியை அடுத்தவர் இடத்தில் வைத்தாலும் அந்த மொழி தடுக்காது. அந்தச் சந்து வழியாகவும் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளில், நூற்றுக்குச் சுமார் 70 இந்த மாதிரித் தவறுகளே என்று அதன் நிபுணர்கள் 2019-இல் கூறினார்கள்.

லிப்ட் ஓடவில்லை!

2006-ஆம் ஆண்டு. கனடா நாட்டில் வான்கூவர் நகரம். கிரேடன் ஹோர் என்ற இளைஞர் வேலை முடிந்து வீடு திரும்பினார். அவர் குடியிருந்தது 21-ஆவது மாடி. லிப்ட் ஓடவில்லை! அதை இயக்கும் மென்பொருள் நின்றுபோயிருந்தது.

படி ஏறினார். ஏற ஏற எரிச்சல் வந்தது. "ஒரு லிப்டைக்கூடத் தவறில்லாமல் ஓட்ட முடியவில்லையே!" என்று நினைத்தார். புதிய கம்ப்யூட்டர் மொழி ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அதுதான் "ரஸ்ட்".

பதினோராவது பெட்டியை வைக்கப் போனால் ரஸ்ட் விடாது. பல தவறுகளை, வேலை ஆரம்பிக்கும் முன்பே "இது சரியில்லை, திருத்து" என்று திருப்பி அனுப்பிவிடும். ரஸ்ட் மொழியின் முதல் முழுப் பதிப்பு 2015 மே மாதம் வெளிவந்தது.

படிக்க வந்தவர்

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2013-இல், ஜோர்டி பொக்கியானோ என்பவர் ரஸ்ட் மொழியைப் பழக விரும்பினார். புதிய மொழி பழக என்ன வழி? எழுதிப் பார்ப்பதுதான் வழி! யூனிக்ஸ் கருவிகளை ஒவ்வொன்றாக ரஸ்டில் எழுதிப் பார்க்கலானார். "யூயுடில்ஸ்" என்ற திட்டம் இப்படித்தான் பிறந்தது. அது யாரும் சேரலாம் என்று திறந்து வைத்த திட்டம். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

2020-இல் கொரோனா வந்தது. உலகம் வீட்டுக்குள் அடைந்தது. அந்த நாட்களில் சில்வெஸ்டர் லெட்ரு என்பவர் ரஸ்ட் பழக விரும்பி இந்தத் திட்டத்துக்கு வந்தார். பிறகு அதை முன்னின்று நடத்தினார். "விளையாட்டுக்கு எழுதினால் போதாது. பழைய கருவியை எடுத்துவிட்டு இதை வைத்தால், யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது" என்பது குறிக்கோள் ஆயிற்று.

பழைய கருவிகள் மோசமானவை என்று லெட்ரு சொல்லவில்லை. அவை நல்ல கருவிகளே. அடுத்த தலைமுறை விரும்பி எழுதும் மொழியில் அவை இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

பார்க்கக் கூடாது!

இங்கேதான் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு வருகிறது.

க்னூ கருவியின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் அல்லவா? ஆனால் யூயுடில்ஸுக்கு எழுதுகிறவர் பார்க்கக் கூடாது!

ஏன்? க்னூவின் எழுத்தை எடுத்து மாற்றி வெளியிடுகிறவர், அதே நிபந்தனைகளோடுதான் அதைக் கொடுக்க வேண்டும். யூயுடில்ஸின் நிபந்தனை வேறு. அது மிகவும் தளர்ந்தது. ஆகவே ஒரு வரிகூட அங்கிருந்து வந்துவிடக் கூடாது. இந்தத் தளர்ந்த நிபந்தனை பிடிக்காதவர்களும் உண்டு. "க்னூவின் கட்டுப்பாடுதானே இத்தனை நாள் எல்லோருடைய உரிமையையும் காத்தது?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

சரி, பார்க்காமல் எப்படி அதே மாதிரி எழுதுவது? பக்கத்து வீட்டுக் குழம்பைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், ருசி பார்த்தே வைப்பதுபோலத்தான்! கருவியை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கான கையேட்டைப் படிக்கலாம். இதைக் கொடுத்தால் அது என்ன பதில் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

ருசி சரிதானா என்று சொல்லப் பரீட்சை இருக்கிறது. க்னூ கருவிகளைச் சோதிக்க க்னூக்காரர்களே எழுதி வைத்த சோதனைகள் அறுநூறுக்கு மேல். அவற்றையே யூயுடில்ஸும் எழுத வேண்டும். விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சொல்லும் வாசகம் மாறினால்கூடச் சில சோதனைகளில் தோல்விதான். மொத்தத்தில், ஆண்டுகள் போகப் போகத் தேறும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது.

புதியவர் வந்தால்...

கல்லூரி மாணவி ஒருத்தி இந்த வேலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுப் போட வேண்டாம். சிபாரிசு வேண்டாம்.

குறைகளின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எளிய குறைகளின் மேல் "முதல் வேலைக்கு நல்லது" என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஒன்றை எடுக்கிறாள். பழைய கருவியிலும் புதிய கருவியிலும் ஒரே கட்டளையைத் தட்டுகிறாள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். வித்தியாசம் எங்கே என்று தெரிகிறது.

திருத்தம் எழுதுகிறாள். அதோடு ஒரு சோதனையும் எழுதுகிறாள். இதே தவறு நாளைக்கு மறுபடி வந்தால் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அனுப்பியவுடன் யந்திரங்கள் அதைப் பல வகைக் கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்க்கின்றன. லினக்ஸில் தேறி விண்டோஸில் தோற்றால், மறுபடி உட்கார வேண்டியதுதான்! அப்புறம் அனுபவசாலி ஒருவர் வரி வரியாகப் படிக்கிறார். "இது ஏன்? அது எதற்கு?" என்று கேட்கிறார். எல்லாம் சரியான பிறகே சேர்க்கிறார்கள்.

சம்பளம் கிடையாது. அவள் பெயர் அந்த வரிகளோடு பதிந்து நிற்கும். இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் கை கொடுத்திருக்கிறார்கள். நன்மை ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போது க்னூவின் சோதனைகளில் விட்டுப்போனவை தெரியவருகின்றன. அவற்றை அங்கேயும் எழுதி அனுப்புகிறார்கள்.

அந்த ஓர் எழுத்து

இனி, முதலில் சொன்ன கதைக்கு வருவோம்.

உபுண்டு என்பது பலர் உபயோகிக்கும் லினக்ஸ் வகை. அதை வெளியிடும் கேனானிகல் நிறுவனம், 2025 அக்டோபர் 9-ஆம் தேதி வெளியிட்ட 25.10 பதிப்பில் யூயுடில்ஸ் கருவிகளை வைத்தது. படிப்பதற்காகத் தொடங்கியது உலகத்துக்கு வந்துவிட்டது!

"டேட்" கருவிக்கு "ஆர்" என்ற எழுத்தையும் ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், "இந்தக் கோப்பை எப்போது கடைசியாக மாற்றினார்கள்?" என்று கேட்பதாக அர்த்தம். உபுண்டு தானாகத் திருத்தம் தேடும் ஏற்பாட்டுக்கு இந்தக் கேள்வி தேவை. ஒவ்வொரு முறை தேடியதும் ஓர் அடையாளக் கோப்பைத் தொட்டு வைக்கும். அடுத்த முறை, "கடைசியாகத் தேடியது எப்போது?" என்று டேட்டிடம் கேட்கும்.

அந்தப் பதிப்பில் இருந்த புதிய டேட், "ஆர்" எழுத்தை வாங்கிக்கொண்டது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருந்தால் உடனே குட்டு வெளிப்பட்டிருக்கும். அது அப்படிச் சொல்லவில்லை. அந்த எழுத்தைக் கவனிக்காமல், இப்போதைய நேரத்தையே பதிலாகச் சொன்னது!

"கதவு பூட்டியிருக்கிறதா என்று எப்போது பார்த்தாய்?" என்று கேட்டால், எப்போதும் "இப்போதுதான்!" என்று சொல்லும் காவல்காரனைப் போல ஆயிற்று. "இப்போதுதான் தேடினோமா? சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கம்ப்யூட்டர் இருந்துவிட்டது. மறுநாளும் அதே பதில். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வருவது நின்றது.

கையால் கட்டளை கொடுத்துத் திருத்தம் வாங்கியவர்களுக்குப் பாதிப்பு இல்லை. கேனானிகல் அதே மாதம் குறையை வெளிப்படையாக அறிவித்தது. திருத்திய கருவியையும் அனுப்பியது.

ரஸ்ட் மொழி இதைத் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். அடுத்தவர் இடத்தில் பெட்டி வைப்பதை அது தடுக்கும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னாயா என்று அதற்குத் தெரியாது. அதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். பழைய கருவியையும் புதிய கருவியையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவி செய்வதும் அதுதான். அவள் எடுத்த குறை எவ்வளவு சிறியதாக இருந்தால் என்ன? எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அந்த ஓர் எழுத்தை நம்பிக் காத்திருக்கும்.