இரட்டைக் கண் கமராவும் பன்னிரண்டு படங்களும்

ஜேர்மனியின் வடபகுதியில், ஹனோவர் நகருக்குக் கிழக்கே, பிரவுன்ஷ்வைக் என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. ஒளிப்படக் கலையின் வரலாற்றில் இந்நகருக்குத் தனியிடம் உண்டெனலாம். வியன்னாவில் தோன்றிய ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் 1849 ஆம் ஆண்டில் இங்கு கால்பதித்தது. அந்நிறுவனத்திற் பணியாற்றிய பவுல் பிராங்கே, றைன்ஹோல்ட் ஹைடெக்கே என்னும் இருவர் 1920 ஆம் ஆண்டில் இதே நகரில் தமக்கெனச் சிறு தொழிற்சாலையொன்றை நிறுவினர். அவர்கள் ஆக்கியளித்த ரொலைபிளெக்ஸ் என்னும் கமராவைப் பற்றியும், அத்தகைய பழைய கமராவில் இன்றும் படச்சுருளிட்டுப் படம் பிடிப்பதிலுள்ள இன்பத்தைப் பற்றியும் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெற்றோருட் பலர் இக்கமராவைப் பெயரால் அறியாவிடினும் உருவால் அறிவர். ஊரிலே ஸ்ரூடியோக்காரரின் கழுத்தில் தொங்கிய, ஒன்றன்மேல் ஒன்றாக இரு வில்லைகள் பதித்த அந்தக் கரிய பெட்டி நினைவிருக்கின்றதல்லவா? அது ரொலைபிளெக்ஸாகவோ, அதனைப் பின்பற்றி யப்பானிற் செய்யப்பட்ட யசிக்காவாகவோ இருந்திருக்கும். பழைய அல்பங்களில், வெள்ளைக் கரையிட்ட சதுரப் படங்கள் காணப்படுமாயின், அவற்றுட் பல இத்தகைய கமராக்களின் பிள்ளைகளே.

பிராங்கேயும் ஹைடெக்கேயும் முதலிற் செய்தது மூன்று வில்லைகள் கொண்ட ஹைடோஸ்கோப் என்னும் கமராவாகும். அதன் இருபுற வில்லைகளும் ஒரே காட்சியை இரு படங்களாகப் பதிவு செய்யும். நடுவிலுள்ள வில்லை காட்சியைப் பார்ப்பதற்கு. இம்மூன்றில் ஒன்றை நீக்கி, எஞ்சியதை நிமிர்த்தி வைத்தாற் கிடைப்பதே ரொலைபிளெக்ஸ். 1929 இல் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு சுருளில் ஆறு படங்களே எடுக்க முடிந்தது. 1932 இல் வந்த அடுத்த வடிவமோ 120 எனப்படும் சுருளை ஏற்றுப் பன்னிரண்டு படங்களைத் தந்தது. அச்சுருள் கொடாக் நிறுவனத்தால் 1901 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. இன்றும் அதே அளவிற் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுகின்றது என்பது வியப்புக்குரியது. தொண்ணூறு வயதுக் கமராவுக்கும் இன்று கடையில் உணவு கிடைக்கின்றது!

இனி, அது இயங்கும் முறையை மாணவர்கள் கவனிக்க. மேல்வில்லை பார்க்கும், கீழ்வில்லை படம் பிடிக்கும். மேல்வில்லையினூடு வரும் ஒளி, சாய்வாகப் பொருத்தப்பட்ட கண்ணாடியிற் பட்டு மேனோக்கித் திரும்பி, கமராவின் உச்சியிலுள்ள மங்கற் கண்ணாடியில் விழுகின்றது. வில்லை தலைகீழாக்கிய காட்சியைக் கண்ணாடி நிமிர்த்தி விடுகின்றது. ஆயினும் இடவல மாற்றத்தை அது திருத்துவதில்லை. வலப்புறம் ஓடும் பிள்ளை அதில் இடப்புறம் ஓடும். மேடையிற் கட்டிய தமிழ்ப் பதாகை முகம் பார்க்கும் கண்ணாடியிற் போலப் புரண்டு தெரியும். (எடுத்த படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும், அஞ்ச வேண்டியதில்லை.) பழகுவதற்கு ஒரு சுருளாவது செலவாகும்.

இக்கமராவை முகத்துக்கு நேரே உயர்த்துவதில்லை. வயிற்றருகே பிடித்து, தலையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். பெரியோர் முன் வணங்கி நிற்பது போன்ற நிலை இது. எதிரிலிருப்பவரின் முகத்துக்கும் எமது முகத்துக்கும் இடையிற் கருவி குறுக்கிடுவதில்லை. சிறு பிள்ளையாயின் கமரா அதன் கண்மட்டத்திலேயே அமைந்து விடுகின்றது. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா கையாண்ட கமராக்களுள் ரொலைபிளெக்ஸும் ஒன்று. சிக்காகோ நகரிற் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணிபுரிந்த விவியன் மையர் என்னும் அம்மையாரும் இக்கமராவோடு தெருத்தெருவாக நடந்தவர். அவரது நெகட்டிவ்கள் 2007 இல் ஏலத்தில் விற்கப்பட்டபோதே உலகம் அவரை அறியத் தொடங்கியது. கழுவப்படாத சுருள்களும் ஏராளமாக அவற்றோடு இருந்தன. 2009 இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய புகழ் பரவியது.

சாதாரண 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு படத்தின் பரப்பு 24 க்கு 36 மில்லிமீற்றர். இங்கோ ஏறத்தாழ 56 க்கு 56. அதாவது மூன்றரை மடங்கிலும் அதிகம். ஆகையினாற் பெரிதாக்கும்போது மணிமணியாகச் சிதறாமல், சேலைக்கரையின் இழையும் பாட்டியின் கன்னத்துச் சுருக்கமும் தெளிவாகத் தெரிகின்றன.

சுருளும் கழுவும் கூலியும் சேர்ந்தால் இன்று படமொன்றுக்கு ஒரு யூரோவுக்கு மேலாகி விடும். பன்னிரண்டே படங்கள் என்பதால் கை தானாகவே நிதானிக்கின்றது. பழைய கமராக்கள் பலவற்றில் ஒளிமானி இல்லை. ஒளியைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். நல்ல வெயிலில் வில்லைத் துவாரத்தை 16 இல் வைத்து, 400 வேகச் சுருளுக்கு ஷட்டரை 500 இல் ஒரு விநாடியாக வைத்தாற் போதும். முகில் மூடிய நாளில் துவாரம் 5.6. ஜேர்மனியின் நவம்பர் மாதத்தில் 16 என்னும் எண்ணுக்கு வேலையே இராது!

கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவலாம். 1891 இல் பெர்லின் அக்பா நிறுவனம் அறிமுகப்படுத்திய ரோடினால் என்னும் உருத்துலக்கி வேறு பெயர்களில் இன்றும் கிடைக்கின்றது. முழு இருளிற் சுருளைச் சக்கரத்தில் ஏற்றிக் கலத்தில் மூடிவிட்டாற் பின்னர் விளக்கைப் போடலாம். உருத்துலக்கியில் ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு நீர், வெப்பம் 20 பாகை. பின்னர் நிலைநிறுத்தும் கரைசல், அதன் பின் நீரிற் கழுவல். ஈரச்சுருளைக் குளியலறையில் தொங்கவிட்டு முதன்முதலாகப் பார்க்கும் கணத்தை எழுத்தில் வடிப்பது எளிதன்று. மருந்தைப் பெரியவர்களே கையாள வேண்டும், கையுறை அவசியம்.

தொழிற்சாலையின் கதை மகிழ்ச்சிக்குரியதன்று. யப்பானியப் போட்டியைச் சமாளிக்க எழுபதுகளின் தொடக்கத்திற் சிங்கப்பூரில் பெரும் ஆலை திறக்கப்பட்டது. 1981 இல் நிறுவனம் முறிந்தது, அவ்வாலையும் மூடப்பட்டது. மீண்டெழுந்த நிறுவனம் 2009 இல் மறுபடியும் வீழ்ந்தது. அதன் பின் சிலர் எடுத்து நடத்திய பட்டறையும் 2015 அளவில் முடிவுக்கு வந்தது. இனி இருப்பவற்றைப் பேணுவதே வழி. எனவே பழைய கமரா வாங்குவோர் ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து, அது தயங்காமல் மூடுகின்றதா எனக் கேட்டறிக. வில்லையினூடே கைவிளக்கைப் பிடித்துப் பூஞ்சணம் உண்டா எனவும் நோக்குக.

இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் எம்மிடையே பல. பேரனின் முகத்தைத் தாத்தாவின் இளமைப் படத்தோடு ஒப்பிட வழியற்ற வீடுகள் அவை. படச்சுருளும் எரியும், நனையும் என்பது உண்மையே. ஆயினும் தொலைபேசியிலுள்ள ஆயிரம் படங்கள் ஒரு நாளில் தொலைவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆகையால் முதற் சுருளை வீட்டிலுள்ள முதியோர்க்கென ஒதுக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். சாளரத்தருகே நாற்காலியிட்டு, அவர்களைப் பேசவிட்டுப் படம் பிடிக்க. காய்ந்த நெகட்டிவை மும்மூன்றாக வெட்டித் தாளுறையிலிட்டு, உறையின் மேல் திகதியையும் படத்திலுள்ளோரின் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் பென்சிலால் தமிழில் எழுதி வைக்க.