ஏட்டு மைலேஜும் ரோட்டு மைலேஜும்

"இருபது கொடுக்கும்!" என்கிறார் வண்டி விற்கிறவர். "பதினாறாவது கொடுக்க வேண்டுமே!" என்கிறார் வண்டியின் சொந்தக்காரர். "பன்னிரண்டுக்கு மேல் கொடுக்கவில்லை ஐயா!" என்கிறார் வண்டி ஓட்டுகிறவர். வண்டி ஒன்று, எஞ்சின் ஒன்று, ஊற்றுகிற டீசலும் ஒன்று. கணக்கு மட்டும் மூன்று!

இந்த மூவரில் பொய் சொல்லுவது யார்? ஒருவருமில்லை என்று சொன்னால் தோழர்கள் வியப்படையக்கூடும். விற்கிறவர் சொல்லுவது சோதனைக்கூடத்துக் கணக்கு. சொந்தக்காரர் சொல்லுவது ஆசைக் கணக்கு. ஓட்டுகிறவர் சொல்லுவதுதான் ரோட்டுக் கணக்கு. ஆனால் மாதக் கடைசியில் யார் படியில் கை வைக்கப்படுகிறது? உண்மைக் கணக்குச் சொன்னவர் படியில்தான்!

சேலம், நாமக்கல் சீமைக்கு இது வேற்றூர்ச் செய்தி அல்ல. லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிற ஊர் திருச்செங்கோடு. பெரிய லாரி நுழைய முடியாத பண்ணைப் பாதையிலும் காட்டு வழியிலும் சரக்கு எடுப்பது இன்று சின்ன வண்டிகள். 2005-ல் டாடா கம்பெனி 'ஏஸ்' வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சுமை. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. பொலேரோ பிக்கப் வந்தது. முட்டையும் மரவள்ளிக் கிழங்கும் கோழித் தீவனமும் இவற்றின் முதுகில் ஏறின. கூடவே 'மைலேஜ்' என்ற சொல்லும் தொழிலாளியின் முதுகில் ஏறிக்கொண்டது.

சோதனைக்கூடத்தில் என்ன நடக்கிறது? வண்டியைக் கொண்டுபோய் உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. ஏறக்குறைய 20 நிமிடம், இந்த வினாடியில் இந்த வேகம் என்று எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். வெற்று வண்டியின் எடையோடு ஓரிரண்டு ஆட்களின் எடையைச் சேர்த்துக் கணக்கில் வைக்கிறார்கள். அவ்வளவுதான் பாரம்! மேடு இல்லை, பள்ளம் இல்லை, சுங்கச்சாவடி வரிசை இல்லை. ரோட்டை மறித்து நிற்கும் மாடும் இல்லை.

சரக்கு வண்டியைச் சரக்கில்லாமல் சோதிப்பது என்ன சோதனை? உழவு மாட்டை ஏர் பூட்டாமல் சந்தையில் நடக்கவிட்டுப் பார்த்து விலை பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நாமக்கல்லில் முட்டை லோடு ஏறுகிறது. அட்டைக்கு 30 முட்டை. ஆயிரம் அட்டை என்றால் 30,000 முட்டை. எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. பாரம் ஏற ஏற டயர் தரையில் அழுந்துகிறது. உருட்டுவதற்கு வேண்டிய பலம் எடைக்கு ஏற்றபடி கூடுகிறது. டயரில் காற்றுக் குறைந்திருந்தால் இன்னும் மோசம். அடுக்கு, கூரைக்கு மேலே எழுந்து நிற்கிறது; எதிர்க்காற்று அதன் மார்பில் மோதுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை 80-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று மேலே போகும். "சீக்கிரம் போய்ச் சேர்!" என்று தொலைபேசியில் விரட்டுகிற வாயே "டீசல் ஏன் கூடுதல்?" என்றும் கேட்கிறதே, என்ன சொல்லுவது! (முட்டை ஏற்றுகிறவர்கள் பொதுவாக நிதானமாக ஓட்டுவார்கள் என்பது வேறு செய்தி. உடைந்த முட்டைக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமல்லவா?)

மலைப்பாதையைப் பார்ப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். வண்டியும் சரக்கும் சேர்ந்து மூன்று டன் என்று வையுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவேண்டிய வேலை மட்டும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிடைக்கும் மொத்த வெப்பத்துக்குச் சமம். எஞ்சினோ, அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும்; மற்றதெல்லாம் புகையோடும் ரேடியேட்டர் சூட்டோடும் போய்விடும். ஆகவே, தூக்குவதற்கு மட்டும் மூன்று லிட்டர்! ரோட்டில் உருளுவதற்கான டீசல் அதற்கு மேல். எழுபது கொண்டைஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு மளிகைச் சரக்கு கொண்டுபோகிற டிரைவரிடம், பரமத்தி வேலூர்ச் சமவெளி ரோட்டு மைலேஜைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ரூபாயாகவே பார்த்துவிடுவோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு கொடுத்தால் 187½ லிட்டர். பன்னிரண்டு கொடுத்தால் 250 லிட்டர். வித்தியாசம் 62½ லிட்டர்; 5,625 ரூபாய். 'இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர். மிஞ்சினால் உன் பொறுப்பு' என்ற ஏற்பாடு பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. அங்கே இந்தத் தொகை யார் வீட்டு அரிசிப் பானையிலிருந்து போகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

சொந்தக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் சரியல்ல. ஒரே ஒரு வண்டியைத் தவணைக்கு எடுத்துத் தானே ஓட்டுகிற சொந்தக்காரரும் நம்மிடையே உண்டு. அவர் கழுத்திலும் இதே கயிறு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாயிற்று. 2014 ஏப்ரலில் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த மத்தியக் கலால் வரி 2020 மே மாதத்தில் 31.83 ரூபாய்க்கு ஏறியது. 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைந்தது. மாநில வரி தனி. முட்டைக்கு விலை சொல்லக் குழு இருக்கிறது. டீசலுக்கு விலை சொல்லக் கம்பெனி இருக்கிறது. வண்டி வாடகைக்கு? பேசினவன் பேசினபடி! வாடகையில் கிடைக்காததை மைலேஜில் தேடுகிறார் சொந்தக்காரர். படியில் குறைவதை மலைச்சரிவில் தேடுகிறார் டிரைவர்.

ஆம், மலைச்சரிவில். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிற தொப்பூர்க் கணவாயை அறியாத டிரைவர் இந்தப் பக்கம் கிடையாது. 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் லாரி மோதி நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு கோர விபத்து. மீண்டும் நான்கு உயிர். இந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று தீர்ப்பெழுத நான் முற்படவில்லை. ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுவதும் டிரைவர்கள் அறிந்த பழக்கம். போலீசார் ஓயாமல் எச்சரிக்கிற பழக்கம்.

மிச்சம் எவ்வளவு தெரியுமா? கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. பம்பு டீசல் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடித்தே தீரவேண்டும். லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி சற்றுக் கூடுதலாக உருளும் என்பது உண்மை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கவேண்டிய தொப்பூரில் அந்த ஆதாயமும் இல்லை. எஞ்சினை அணைத்தால்? பிக்கப் எஞ்சின் சும்மா நின்று ஓட, மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் பிடிக்கும். கால் மணி நேர இறக்கத்துக்குக் கணக்கிட்டால் மிஞ்சிப்போனால் 22 ரூபாய். கியரில் இறங்கினால் அந்த 22 ரூபாயும் தானாகவே மிச்சம்! அணைத்த வண்டியில் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். நாலு மிதியில் பிரேக்கின் துணைப்பலம் தீர்ந்துவிடும். பிறகு மூன்று டன்னை நிறுத்த டிரைவரின் கால் மட்டுமே.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவில் வண்டிக் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்டச் சட்டம் உண்டு. ஆனால் மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பெரிய பிக்கப்புகளுக்கு அந்தக் கட்டாயம் வைக்கவில்லை. அதிகம் சுமக்கிறவனுக்குக் கணக்கு இல்லை! 2015-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்கள், சோதனைக்கூடத்தில் ஒரு புகையும் ரோட்டில் வேறு புகையும் விட்டது அம்பலமாயிற்று. காரை ரோட்டில் ஓட்டி அளந்து பார்த்ததால் வெளிவந்த உண்மை அது. அதிலிருந்து உலகம் பாடம் படித்தது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் புகையை ரோட்டிலேயே அளக்கிறார்கள். புகையை ரோட்டில் அளக்க முடிகிறது; டீசலை அளக்க முடியாதா?

அரசு அளக்கிற வரையில் நாம் காத்திருக்க வேண்டாம். ஒரே பங்கில், ஒரே நாசிலில், தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். மீட்டரைக் குறியுங்கள். ஓடிவிட்டு வந்து அதே நாசிலில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதாது. நாலைந்து டிரிப் பாருங்கள். பக்கத்திலேயே லோடு எத்தனை கிலோ, எந்த ரோடு, டயரில் காற்று எவ்வளவு என்று எழுதுங்கள். காலி வண்டிக்கு ஒரு கணக்கு, பாதி லோடுக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று வரட்டும். சொந்தக்காரரையோ அவர் ஆளையோ ஒரு டிரிப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தே எழுதுங்கள்; பிறகு பேச்சு வளராது. அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். படியில் பிடிப்பதானால் இந்த நோட்டில் உள்ள கணக்குக்குக் கீழே போனால்தான் பிடிக்கலாம் என்று எழுத்தில் கேட்போம். தொப்பூர் வழி போகிற வண்டிக்கு, இறக்கத்தில் டீசல் மிச்சம் என்ற கணக்கே எழுதக்கூடாது என்பதையும் அதே தாளில் சேர்ப்போம்.