மெடிக்கலில் 'ஸ்டாக் இல்லை'ன்னு சொல்லிட்டா அம்மா என்ன செய்வாங்க?

மே மாசம் சென்னையில் எல்லாருக்கும்தான் வியர்க்கும். ஆனா ஏ.சி. ஓடிட்டு இருக்கும்போதே அம்மா எழுந்து போய் முகத்தில் தண்ணி அடிச்சுட்டு வர்றதையும், நடுராத்திரியில் போர்வையை உதறிட்டு உட்கார்ந்திருக்கிறதையும் கவனிச்சிருக்கீங்களா? நம்ம நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயசில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. நம்மில் பலருக்கு, நாம காலேஜில் இருக்கிற நாலு வருஷமும் அம்மா அதைக் கடக்கிற வருஷங்களும் ஒண்ணுதான்.

இன்ஜினியரிங் பாஷையில் சொன்னா, இது தெர்மோஸ்டாட் பிரச்சினை. மூளையில் இருக்கிற ஹைப்போதலாமஸ், உடம்பின் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினால் கண்டுக்காது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த 'டெட்பேண்ட்' சுருங்கிவிடுகிறது. அப்புறம் சின்ன ஏற்றத்துக்கே 'ஓவர்ஹீட்' என்று முடிவு கட்டி, தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்ட வைக்கும். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ ஜெல்லாகவோ தோலில் ஒட்டும் பேட்ச்சாகவோ திருப்பிக் கொடுப்பதுதான் ஹெச்.ஆர்.டி. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு இதோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் கட்டாயம் வேணும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போய்க்கிட்டே இருந்தா கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த மருந்து தட்டுப்பாடானா என்ன ஆகும்னு உலகமே பார்த்தது 2022-ல், பிரிட்டனில். அங்கே ஐந்தே வருஷத்தில் ஹெச்.ஆர்.டி. பிரிஸ்கிரிப்ஷன்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. 2021-ல் டாவினா மெக்கால் என்ற டி.வி. தொகுப்பாளர் மெனோபாஸ் பற்றி எடுத்த ஆவணப்படம் பெரிய பேச்சானது. அதுவரை வாய் திறக்காத பெண்கள் டாக்டரிடம் போனாங்க. நல்ல விஷயம்தான், ஆனா உற்பத்தி அந்த வேகத்துக்கு ஏறலை. ஈஸ்ட்ரோஜெல் என்ற ஜெல் கடைகளில் காணாமல் போனது. பெண்கள் தங்களுக்குள்ளேயே மருந்தைக் கைமாற்றிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 2022 ஏப்ரல் கடைசியில் அரசு, கொரோனா தடுப்பூசிப் பணிக்குழுவில் இருந்த மேடலின் மெக்டெர்னனை இதற்கென்றே நியமித்தது. ஈஸ்ட்ரோஜெல் உட்பட மூன்று மருந்துகளை ஒருத்தருக்கு மூணு மாசத்துக்கு மேல் தரக்கூடாது என்றும் உத்தரவு போட்டது. எனக்கு இந்த ரேஷன் முறை சரின்னுதான் படுது. பயத்தில் ஒரு வீட்டில் ஒரு வருஷ ஸ்டாக் வாங்கி வச்சா, அடுத்த தெருவில் ஒருத்தருக்கு ஒரு மாச மருந்துகூட இருக்காது.

'டிமாண்ட் ஏறினா இன்னொரு கம்பெனி தயாரிக்க வேண்டியதுதானே?'ன்னு கேட்கலாம். ஹார்மோன் மருந்துகளைச் சாதாரண மாத்திரை ஓடுற லைனில் ஓட்ட முடியாது. தூசு அளவு கலந்தாலும் மற்ற மருந்து கெட்டுப்போகும் என்பதால் தனி இடம், தனிக் காற்றோட்டம் வேணும். அதையெல்லாம் கட்டி, அனுமதி வாங்கி முடிக்க மாசக்கணக்கில் ஆகும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நங்கநல்லூரில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு ஒரு தடவை ஜெல் கிடைக்கலை. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் ஆரம்பித்து ஆஞ்சநேயர் கோவில் வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கினாங்க. எல்லா இடத்திலும் 'ஸ்டாக்கிஸ்ட் கிட்டயே இல்லம்மா'தான் பதில். ஒரு கடையில் மட்டும், 'இதுவும் ஹார்மோன்தாம்மா' என்று கருத்தடை மாத்திரை அட்டையை நீட்டியிருக்காங்க. அது ரொம்பத் தப்பு. பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால், ஹெச்.ஆர்.டி. அளவைவிடப் பல மடங்கு வீரியம். ஐம்பதைத் தாண்டினவங்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்து சும்மா இல்லை.

டோஸ் கணக்கும் நம்மை ஏமாற்றும். பேட்ச்சில் 50 மைக்ரோகிராம், மாத்திரையில் 2 மி.கி. என்று போட்டிருக்கும். நாற்பது மடங்கு வித்தியாசம்னு தோணும், ஆனா சுமாராக இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். விழுங்கின மாத்திரையைக் கல்லீரல் முதலிலேயே பெருமளவு உடைத்துவிடும், தோல் வழியாகப் போவது நேரே ரத்தத்துக்குப் போகும். மாத்திரையில் ரத்தக்கட்டு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதும் இதனால்தான். அதனால் ஜெல் இல்லைன்னா மாத்திரைக்கு மாறுவது டாக்டர் முடிவு. கூகுள் பண்ணி நாம கணக்குப் போடுற விஷயம் இல்லை.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அட்டையில் பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரையும் அளவையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அரசின் 'ஃபார்மா சஹி தாம்' ஆப்பில் பிராண்டைத் தேடினால் அதே மருந்து வேறு எந்தப் பெயர்களில் வருதுன்னு தெரியும். அந்தப் பட்டியலோடு டாக்டரிடம் போனால் வேலை சுலபம். கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்காமல், பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே போகணும். மருந்து எங்கேயுமே இல்லைன்னா 'ஃபார்மா ஜன் சமாதான்' தளத்தில் புகார் போடலாம். விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை ஒரு கம்பெனி நிறுத்தணும்னா, ஆறு மாசத்துக்கு முன்பே பொது அறிவிப்பு தரணும் என்று 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதுதான் ஓட்டை.

இப்போ அந்த ஒரு வரி. இரண்டு மருந்தில் புரோஜெஸ்டிரோன் மட்டும் கிடைக்கலைன்னா, 'ஈஸ்ட்ரோஜன் இருக்கே, அதையாவது போட்டுக்கறேன்'னு அம்மா சொல்வாங்க. கர்ப்பப்பை இருக்கிறவங்க அப்படிச் செய்யவே கூடாது, உடனே டாக்டரைக் கேட்கணும். ஈஸ்ட்ரோஜன் கிடைக்காம நின்னா பழைய சூடும் தூக்கமின்மையும் திரும்பி வரும், பெரும்பாலும் அதோடு சரி. ஆனா நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவங்களுக்கும் சினைப்பையை எடுத்தவங்களுக்கும் எலும்பு, இதயம் எல்லாம் இதை நம்பி இருக்கு. அவங்க இடைவெளி விடாமல் பார்த்துக்கணும். சூட்டைக் குறைக்க ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளே குறைந்த அளவில் உதவும்.

பெரியம்மாவுக்கு டாக்டர் பி.பி. பார்த்து, பழைய ரத்தக்கட்டு எதுவும் உண்டான்னு விசாரித்து, மாத்திரைக்கு மாற்றினார். மாற்றின பிறகு ரத்தப்போக்கு தெரிந்தால் துளி அளவாக இருந்தாலும் மறைக்காமல் வந்து சொல்லணும்னு சொல்லி அனுப்பியிருக்கார்.