இலவசம் முடியுமிடத்தில் சந்தா தொடங்குகிறது

செராஸ் தாமான் கன்னாட்டில் புதன்கிழமைதோறும் நடக்கும் இரவுச் சந்தையைத் தெரியாத கோலாலம்பூர்வாசிகள் குறைவு. அங்கே பழக்கடைக்காரர் பலாச்சுளையில் ஒரு துண்டை நறுக்கி, வருவோர் கையில் கொடுப்பார். காசு கேட்கமாட்டார். ருசி பிடித்துவிட்டால், அரைக் கிலோவாவது வாங்காமல் நகர மனம் வராது.

இன்று கைத்தொலைபேசிச் செயலிகள் செய்யும் வியாபாரமும் இதுதான். பாட்டு, படம், விளையாட்டு, மொழிப் பயிற்சி என எதை எடுத்தாலும் தொடக்கத்தில் இலவசம். சில நாட்களில் 'மாதம் இத்தனை வெள்ளி' என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கிறது. இது தற்செயலாக நடப்பதல்ல. எந்தத் திரையில், எந்த நேரத்தில், எந்தச் சொல்லால் பணம் கேட்பது என்று யோசித்து வடிவமைப்பதே ஒரு தனித்தொழிலாகிவிட்டது. அதில் நேர்மையான முறை எது, பொறி எது என்று அறிந்துகொள்வது வீட்டுக் கணக்குப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

மலேசிய அனுபவம்

1996இல் கட்டணத் தொலைக்காட்சியாகத் தொடங்கிய ஆஸ்ட்ரோ, 2012இல் அரசாங்கத்துடன் இணைந்து 'என்ஜோய்' சேவையை அறிமுகப்படுத்தியது. கருவியை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால், வானவில் உள்ளிட்ட சில அலைவரிசைகளை மாதக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது அதன் ஏற்பாடு. கூடுதலாக வேண்டுவோர் முன்கட்டணம் செலுத்தினார்கள். 2021இல் அதே நிறுவனம் 'சூக்கா' செயலியைக் கொண்டுவந்தபோதும், விளம்பரத்தோடு ஒரு பகுதி இலவசம், மற்றவை சந்தாவுக்கு என்ற வழியையே எடுத்தது.

எல்லாருக்கும் இது கைகூடியதா? இல்லை. கோலாலம்பூரில் உருவான 'ஐஃபிளிக்ஸ்' 2015இல் சேவையைத் தொடங்கியது. முதலில் சந்தாவை நம்பியது. பிறகு விளம்பரத்துடன் கூடிய இலவசப் பகுதியையும் திறந்தது. பல நாடுகளில் பரவியும் பணத் தட்டுப்பாட்டில் சிக்கி, 2020இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. கூட்டம் சேர்ப்பது ஒரு வேலை. அந்தக் கூட்டத்தை மாதாமாதம் பணம் கட்ட வைப்பது முற்றிலும் வேறொரு வேலை.

பூட்டை எங்கே போடுவது?

இதில் உலகமே உற்றுப் பார்க்கும் உதாரணம் 'ஸ்பாட்டிஃபை' பாடல் செயலி. 2013இல் மலேசியாவுக்கு வந்தது. 2018இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைவதற்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில், 2014 பிப்ரவரிக்குப் பின் புதிதாகச் சேர்ந்த சந்தாதாரர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இலவசச் சேவை வழியாக வந்தவர்கள் என்று அது தெரிவித்தது. 2024 இறுதியில் அதன் 67 கோடியே 50 லட்சம் பயனர்களில் 26 கோடியே 30 லட்சம் பேர் சந்தாதாரர்கள். பெரும்பாலான செயலிகளில் நூற்றுக்குச் சிலர் பணம் கட்டினாலே பெரிய காரியம்.

இதன் சூட்சுமம் என்ன? இலவசத்தில் பாட்டு உண்டு; நடுவே விளம்பரமும் உண்டு. பொருளை மறைக்கவில்லை, வசதியைத்தான் பூட்டினார்கள். தாமான் மிடாவில் எம்.ஆர்.டி. ரயில் ஏறி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மலூரியில் ரயில் நிலத்தடிக்குள் இறங்குகிறது. இணையம் தடுமாறிப் பாட்டு நின்றால், 'பதிவிறக்கி வைத்துக் கேட்கலாமே' என்ற எண்ணம் அவருக்கே வரும். அந்த நேரத்தில் சந்தா பற்றிச் சொன்னால் அது உதவி. செயலியைத் திறந்ததும் திறக்காததுமாகக் கடன்பற்று அட்டை எண்ணைக் கேட்டால் அது தொல்லை. தேவை எழும் இடத்தில் கேட்பதுதான் நல்ல வடிவமைப்பின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், பூட்டின் அளவு. அதிகம் பூட்டினால் ஆள் போய்விடுவார். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் யார் பணம் கட்டுவார்? கைத்தொலைபேசியில் இலவசமாகக் கேட்போர் விரும்பிய பாட்டை நேரடியாக எடுத்துக் கேட்க முடியாதபடி வைத்திருந்த கட்டுப்பாட்டை ஸ்பாட்டிஃபை 2025இல் தளர்த்தியது. அளவை ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சின்னப் படி. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் கைத்தொலைபேசிக்கு மட்டும் மாதம் 17 வெள்ளி என்ற திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. பெரிய தொகைக்குத் தயங்குகிறவர் சிறிய தொகைக்குத் துணிவார் என்பதே கணக்கு.

உள்ளே வர ஒரு வழி, வெளியேற?

இதுவரை சொன்னது வியாபாரம். இனிமேல் வருவது பொறி. 'இலவச மாதிரி 7 நாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எட்டாம் நாள் பணம் பிடிக்கப்படும் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது. சேர ஒரு பொத்தான், விலகப் பத்து திரை வைப்பது. 'வேண்டாம், எனக்குச் சேமிக்க விருப்பமில்லை' என்று சொல்லவைத்துக் கூச்சப்படுத்துவது. இவை எல்லாம் தெரிந்தே செய்யப்படுகின்றன.

2023இல் அமெரிக்க வணிக ஆணையம் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. பிரைம் சந்தாவை நிறுத்த 4 பக்கம், 6 சொடுக்கு, 15 தேர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்றும், அந்த நடைமுறைக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றும் புகார் கூறியது. இலியட் என்பது நீண்டு கொண்டே போகும் ஒரு போரைப் பாடும் கிரேக்க காவியம்! குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது அமேசான். இந்தியாவும் 2023 நவம்பரில் இத்தகைய 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறியும் அதில் ஒன்று.

பயனீட்டாளர் என்ன செய்யலாம்?

முக்கியமான ஒன்று: செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. ஆப்பிள் தொலைபேசியானால் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டு, ஆண்ட்ராய்டானால் பிளே ஸ்டோரில், சந்தாப் பட்டியலைத் திறந்து ரத்து செய்தால்தான் நிற்கும். இலவச மாதிரியில் சேரும் அன்றே, முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாதம் 17 வெள்ளி சின்னத் தொகைதான். ஆண்டுக்கு 204 வெள்ளி. அப்படி மூன்று சந்தா மறந்து கிடந்தால் 612 வெள்ளி. 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச்சில் 8 விழுக்காடான சேவை வரியும் வெளிநாட்டுச் செயலிகளின் கட்டணத்தில் சேர்கிறது. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கறிக்கையைக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். தகராறு தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம்.

செயலி வடிவமைப்பில் இறங்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கேட்பதில் வெட்கமில்லை. உழைப்புக்கு விலை உண்டு. ஆனால், உங்கள் அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் அந்தச் சந்தாவை நிறுத்த முடியுமா என்று ஒருமுறை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். முடிந்தால், அது நல்ல வடிவமைப்பு.