ஆலயமா, ராணுவக் கிடங்கா?

சிதம்பரம் நடராஜர் ஆலயத்தின் மதில்களை நாம் பக்தியின் சின்னமாகவே காண்கிறோம். இரண்டாம் மைசூர் யுத்தத்தில் அவை கோட்டைச் சுவர்களாயின. ஹைதர் அலியின் சேனை அவற்றுள் காவல் வைத்து, யுத்தத்துக்கு வேண்டிய உணவுப் பொருள்களைச் சேமித்திருந்தது. 1781 ஜூன் 18-ல், கடலூரிலிருந்து படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் அம்மதில்களைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஆலயம் பிழைத்தது.

அடுத்துள்ள கடலூரின் செயிண்ட் டேவிட் கோட்டையையோ 1758-ல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றித் தகர்த்தனர். ராணுவ ஸ்தலங்களின் கதி இதுவே. ஆலயத்துக்கும் அக்கதி நேர எத்தனை நாழிகை வேண்டும்?

1954-ல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கை, இத்தகைய கலாசாரச் செல்வங்களை யுத்த காரியங்களுக்கு உபயோகிப்பதை விலக்கியது. ஆயினும் ‘ராணுவ அவசியம்’ என்னும் வாசலைத் திறந்தே வைத்தது. அவ்வாசல் அடைபடும் வரை எந்தத் தேசத்து ஆலயத்துக்கும் அபயமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.