சுகர் இருக்கா? ஹார்ட் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

"சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரும், இன்றே பரிசோதியுங்கள்" என்று ஒரு விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். இசிஜி, எக்கோ, டிரெட்மில், கொஞ்சம் மேலே போனால் சிடி ஆஞ்சியோ. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருத்தர் இதுக்குப் பணம் கட்டணுமா? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒன்று. விளம்பரம் சொல்றது பொய் இல்லை. பல வருஷம் சுகர் ஏறியே இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். கால் மரத்துப் போறது நமக்குத் தெரியும். இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் அதே மாதிரி மந்தமாகலாம். அடைப்பு இருந்தும் நெஞ்சு வலிக்காது.

அப்போ எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமே? இந்தக் கேள்வியை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். டயாட் என்று பெயர், 2009-ல் முடிவு வெளிவந்தது. டைப் 2 சுகர் இருக்கும், இதயத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,123 பேர். பாதிப் பேருக்கு இதய ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்த 522 பேரில் 113 பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. ஐந்தில் ஒருத்தருக்கு மேல்! இந்த நம்பரை மட்டும் சொன்னால் யாருக்கும் பயம் வரும்.

ஆனா கிட்டத்தட்ட ஐந்து வருஷம் கழித்து மாரடைப்பு, இதயத்தால் வந்த மரணம் இரண்டையும் சேர்த்து எண்ணினார்கள். ஸ்கேன் எடுத்தவர்களில் 15 பேர். எடுக்காதவர்களில் 17 பேர். வித்தியாசம்னு சொல்லவே முடியாது. ஏன்? அந்த வருஷங்களில் ரெண்டு குரூப்பிலும் கொலஸ்ட்ரால் மாத்திரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் ஒரே மாதிரி கூடியிருந்தார்கள். கோளாறு பெரிதாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான், அதை ஸ்கேன் சரியாகவே காட்டியது. இருந்தாலும் மொத்தக் கணக்கில் பலன் தெரியவில்லை. அமெரிக்க டயபடீஸ் சங்கமும், ரிஸ்க்கெல்லாம் ஒழுங்காகக் கவனிக்கப்படுகிறது என்றால், அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

சரி, அடைப்பு தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வெச்சுக்கலாம்னு நினைப்போம். அதே 2009-ல் பாரி 2டி என்ற ஆய்வு. சுகரும், அவசரமில்லாத இதய அடைப்பும் உள்ள 2,368 பேர். ஸ்டென்ட் அல்லது பைபாஸ் உடனே செய்துகொண்டவர்களில் ஐந்து வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 88.3 சதவீதம். மருந்தை மட்டும் வைத்து ஆரம்பித்தவர்களில் 87.8. பேக்கேஜ் செலவு அதோட நிக்காது, ஆஞ்சியோ, அட்மிஷன்னு அடுத்தடுத்த பில் வரும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

அந்தப் பணம் எங்கே போகணும்? மாத்திரைக்கு. கார்ட்ஸ் என்ற ஆய்வு, 2004. சுகரோடு இன்னும் ஒரு ரிஸ்க்காவது இருந்த 2,838 பேர். தினமும் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேட்டின் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு இது ஜெனரிக் மாத்திரை, மக்கள் மருந்தகத்தில் விசாரித்துப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து விலை நன்றாக இறங்கிவிட்டது. எது உங்களுக்குப் பொருந்தும்னு டாக்டர்தான் சொல்லணும். நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க. கூடவே எச்பிஏ1சி, பிரஷர், வருஷம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின். இந்தக் கடைசி டெஸ்டைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, கிட்னிக்கு மட்டுமில்லை, இதய ரிஸ்க்குக்கும் அது ஒரு அடையாளம்.

இவ்வளவும் அறிகுறியே இல்லாதவர்களுக்கு. மாடி ஏறினால் புதுசா மூச்சு வாங்குது, காரணமில்லாம அசதி, திடீர் வியர்வை, "கேஸ்"னு நினைக்கிற நெஞ்சு அழுத்தம், இதில் எது இருந்தாலும் நீங்கள் இந்தக் கணக்கில் இல்லை. உடனே டாக்டரைப் பாருங்க, அங்கே காசு கணக்குப் பார்க்கக் கூடாது. டாக்டரே உங்களைப் பரிசோதித்து ஒரு டெஸ்ட் எழுதினாலும் எடுத்துடுங்க.

கடைசியா இன்சூரன்ஸ். சுகர் இருக்கிறதை மறைத்து பாலிசி எடுக்காதீங்க, க்ளெய்ம் நேரத்தில் அங்கேதான் மாட்டும். 2024 விதிப்படி, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம். தொடர்ந்து 5 வருஷம் கட்டிய பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, விவரம் சொல்லவில்லை என்று க்ளெய்மை மறுக்க முடியாது. காத்திருப்புக் காலம் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும், அதனால இதய வியாதி வந்த பிறகு தேடுறதைவிட இப்பவே எடுக்கறது லாபம். ஆபீஸ் குரூப் பாலிசி மட்டும் வெச்சிருக்கிறவங்க என்ன பண்ணலாம்னு அடுத்த வீடியோவில் விரிவா பேசறேன்.