ஒற்றை '&' செய்த வேலை!

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ்மேனாக இருக்கும் பெரியவர், மயிலாப்பூரில் என் வீட்டுக்கே தேடி வந்துவிட்டார்.

"தம்பி, நாலு வருஷமா அந்தக் கடையில நிக்கிறேன். இந்த மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை லீவு போடாம வந்தேன். போன வருஷம் சேர்ந்த பையனுக்கு ஸ்பெஷல் போனஸ் உண்டாம், எனக்கு இல்லையாம். கம்ப்யூட்டர் சொல்லிடுச்சாம்!"

கம்ப்யூட்டர் எங்கே சொன்னது? சொன்னது நான்! பி.காம். முடித்த கையோடு மாலை வகுப்பில் 'சி' மொழி படித்த தைரியத்தில், அந்தக் கடைக்கு போனஸ் புரோகிராம் எழுதிக் கொடுத்த மகானுபாவன் அடியேன்தான்.

முதலாளி போட்ட கண்டிஷன் ரொம்ப சிம்பிள். ஒரு வருஷமாவது சர்வீஸ் இருக்கணும். ஒரு ஞாயிறாவது வேலைக்கு வந்திருக்கணும். இரண்டும் இருந்தால் போனஸ். இதற்கு 'சி'யில் '&&' என்று இரட்டையாகப் போட வேண்டும். நான் சிக்கனமாக ஒற்றை '&' போட்டுவிட்டேன்.

என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? இரட்டை, 'இது இருக்கா? அதுவும் இருக்கா?' என்று மட்டுமே கேட்கும். பூஜ்யம் என்றால் இல்லை. வேறு எந்த எண்ணானாலும் உண்டு. ஒற்றையோ எண்களை பைனரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இடம் இடமாகப் பார்க்கும். இரண்டிலும் 1 இருந்தால்தான் 1. பெரியவரின் 4 வருஷம் 100. 2 ஞாயிறு 010. எங்கேயும் ஒத்துப்போகவில்லை. விடை 000. போனஸ் அவுட்! பையனுக்கு 1 வருஷம், 1 ஞாயிறு. விடை 1. போனஸ் கையில்!

இரட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஜாதகம் சேரவில்லையென்றால் பெண் பார்க்கவே கிளம்பாத மயிலாப்பூர் மாமி மாதிரி, இடப்பக்கம் 'இல்லை' என்றால் வலப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒற்றை அப்படியல்ல, போய் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துதான் 'இல்லை' என்கும். 'ஆள் பூஜ்யமாக இல்லாவிட்டால் தொகையை ஆளால் வகு' என்ற இடத்தில் ஒற்றையைப் போட்டால், பூஜ்யத்தால் வகுக்கப் போய் புரோகிராமே படுத்துவிடும்.

ஒற்றையை வில்லனாக்க வேண்டாம். ஓர் எண்ணோடு '& 1' போட்டால், அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று நொடியில் சொல்லிவிடும். 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி 'சி'யை உருவாக்கியபோது, (நம்ம ரிச்சி தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!) முதலில் இரண்டு வேலைக்கும் ஒற்றை '&'தான் இருந்தது. குழப்பம் வருகிறதே என்று பிறகுதான் '&&' சேர்ந்தது. 1995-ல் வெளியான ஜாவாவில் என் தப்பை கம்பைலரே பிடித்துக் கொடுத்திருக்கும். 'சி'யோ, 'எஜமான் சொன்னால் சரி' என்று வாயை மூடிக்கொண்டது.

அன்று ராத்திரியே கடைக்கு ஓடி, இன்னொரு '&' சேர்த்து ஓட்டினேன். பெரியவர் பெயர் வந்தது. கூடவே இன்னும் மூன்று பெயர்கள்!

"அவங்க மூணு பேரும் ஏன் கேட்கலை?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டாங்க, தம்பி!"